பெயர் கேட்காத செயலியைச் செய்தவர்

முரசுமோட்டையில் ஒரு வீட்டின் பின்வளவில் நின்றுகொண்டிருந்தேன். டெங்குக் காலம். தண்ணீர்த் தாங்கியின் மூடியைத் திறந்து நுளம்புக் குடம்பிகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. திரையில் யூட்டின் பெயர். யூட் முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்பவர், ஜெசிந்தாவின் தம்பி. காலை நேரத்தில் அவர் என்னை அழைப்பதற்கு அப்போது ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அது தெரிந்ததாலோ என்னவோ, நான் உடனே எடுக்கவில்லை. மூடியைத் திரும்ப வைத்து, கையைத் துடைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

“சேர், அக்கா விடியப்புறம் முடிஞ்சிட்டா,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “கடைசியில கஷ்டப்படேல்லை,” என்றார்.

வீட்டுக்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கதிரையைக் கொண்டுவந்து மாமர நிழலில் வைத்தார். “ஆர் சேர், சொந்தமோ?” என்று கேட்டார். “என்னோட வேலை செய்தவ,” என்றேன். அது சரியான பதில் இல்லை. ஜெசிந்தாவும் நானும் ஒருபோதும் ஒரே கந்தோரில் வேலை செய்ததில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து செய்ததைவிட எதிரெதிரே இருந்து வாதாடியதுதான் அதிகம்.

ஜெசிந்தாவைத் தெரிந்தவர்களுக்கு நான் இங்கே எழுதுவதில் பாதி தெரிந்திருக்கும். தெரியாத மற்றப் பாதிக்காகவே எழுதுகிறேன். அளம்பில் கரையில் பிறந்தவர். தகப்பனைப் போரின் கடைசி மாதங்களில் இழந்தவர். அதைப்பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்து, சில வருடங்கள் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கிளிநொச்சி நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில், இரண்டு நண்பர்களோடு சேர்ந்து சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றை நடத்தினார். கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மருந்தகங்களுக்கும் தேவையானவற்றைச் செய்து கொடுத்தார்கள். மெல்லிய குரல். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அசையாமல் காத்திருக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்தக் காத்திருப்பில் எத்தனையோ அதிகாரிகள் தேவைக்கு அதிகமாகப் பேசிவிட்டு முழித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். வீடு உருத்திரபுரத்தில், கொரோனாக் காலத்தில் எனக்கு வேலை முல்லைத்தீவுக் கரையோரத்தில். நோய் வந்த ஒருவரைக் கண்டதும் அவர் யார் யாரோடு பழகினார், எங்கெங்கே போனார் என்று கேட்டு, அந்த ஆட்களைத் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்துவதுதான் அன்றைய வேலை. இரண்டாவது அலை தொடங்கியபோது ஒரு தொண்டு நிறுவனம், இந்த வேலையைக் கைத்தொலைபேசிச் செயலி மூலம் செய்யலாம், செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று முன்வந்தது. செயலியைச் செய்யும் பொறுப்பு ஜெசிந்தாவின் நிறுவனத்துக்குப் போனது. என்ன தேவை என்று சொல்ல என்னை அழைத்திருந்தார்கள்.

நான் ஆயத்தமாகப் போயிருந்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், எந்த நேரம் எங்கே நின்றார், பக்கத்தில் யார் நின்றார். இவ்வளவும் என் மேசைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது என்றேன். ஜெசிந்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சேர், நீங்கள் ஒரு வீட்டுக்குப் போனவுடன ஆக்கள் என்ன செய்யினம்?” என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

நான் உண்மையைச் சொன்னேன். “பின்வேலியால போயிடினம்.”

ஏனென்று அவர் கேட்கவில்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் நான் தனியே போவதில்லை. என் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு வாகனம் வரும். அதில் சீருடையோடு ஆட்கள் இருப்பார்கள். தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு ஏற்றிப்போவதற்கான ஏற்பாடு அது. நோயாளிக்கு அதில் ஏறுவது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் இந்த மண்ணில் ஒருவரின் பெயரைச் சொல்லிக் கேட்டு வரும் வாகனத்துக்கு வேறு நினைவுகள் இருக்கின்றன.

“அப்ப நாங்கள் பேர் கேக்காமல் செய்வம்,” என்றார் ஜெசிந்தா.

எனக்கு அது விளையாட்டுப் பேச்சாகப் பட்டது. அவர் விளையாடவில்லை. வேறு நாடுகளில் ஆய்வாளர்கள் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளிப்படையாக எழுதிவைத்திருந்த ஒரு முறையைப் படித்து, அதை எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் மலிவான தொலைபேசிகளுக்குப் பொருந்தும்படி எழுதத் தொடங்கினார்.

அந்தச் செயலியை அவர் முதன்முதலில் மக்களுக்கு விளக்கியபோது நானும் இருந்தேன். தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபம். கதவு, யன்னல் எல்லாம் திறந்துவிட்டு, இடைவெளி விட்டுக் கதிரை போட்டிருந்தார்கள். வந்தவர்களில் அதிகம் பேர் மீன் வாங்கி விற்கும் பெண்கள். ஜெசிந்தா மேசையில் இரண்டு தொலைபேசிகளை வைத்தார்.

“இந்த ரெண்டும் கிட்டக் கிட்ட இருந்தால் ஒண்டுக்கொண்டு ஒரு இலக்கம் சொல்லும். அந்த இலக்கம் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா மாறும். அதில உங்கட பேரும் இல்லை, ஊரும் இல்லை. நான் சொன்னது இது, நான் கேட்டது இது எண்டு அந்தந்தப் போன் தனக்குள்ள வைச்சிருக்கும். ரெண்டு கிழமையில தானா அழிஞ்சு போகும். ஆருக்கும் கொரோனா வருத்தமெண்டு தெரிஞ்சால், அவை விரும்பினால் மட்டும், தங்கட போன் சொன்ன இலக்கங்களை வெளியில விடலாம். மற்றப் போனுகள் அதை எடுத்து, நான் இதைக் கேட்டனானோ எண்டு தனக்குள்ள பாக்கும். கேட்டிருந்தால் உங்களுக்குச் சொல்லும். உங்களுக்கு மட்டும்.”

முன்வரிசையில் பிலோமினா அக்கா இருந்தார். கரையில் அவர் விலை சொன்னால்தான் மற்றவர்கள் விலை சொல்வார்கள்.

“உது ஆருக்குப் போகும் பிள்ளை?”

“ஒருத்தருக்கும் போகாது அக்கா.”

“உமக்கு?”

“எனக்கும் வராது.”

“உமக்கும் வராதெண்டால் பிறகேன் செய்தனீர்?”

மண்டபம் சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தார். “உங்களுக்குத்தான் செய்தனான். உங்களுக்குத் தெரிஞ்சால் காணும்.”

பிலோமினா அக்கா மேசையில் இருந்த ஒரு தொலைபேசியைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் தள்ளிப் பார்த்தார். “பேர் எழுதுற இடமே இல்லையோ?” என்று கேட்டார். இல்லை என்றதும் அதைத் திரும்ப மேசையில் வைத்தார். “பேர் குடுத்துக் குடுத்துக் களைச்சுப்போனம்,” என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு தன்னுடைய தொலைபேசியை ஜெசிந்தாவிடம் நீட்டி, “போட்டுத் தாரும்,” என்றார். அன்று மாலைவரை அந்த மண்டபத்து வாசலில் ஆட்கள் வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள்.

செயலி முதலில் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஜெசிந்தாவே மறைக்காத விடயம் அது. மீன்சந்தையில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவரையெல்லாம் பக்கத்தில் நின்றவராக எடுத்துக்கொண்டது. எதிரே நின்று பேரம் பேசியவரைத் தவறவிட்டது. அவர் தன் நண்பர்களோடு சந்தைக்கே வந்து நின்றார். முகக்கவசத்தோடு, காலில் மீன் தண்ணீர் ஊற, ஒவ்வொரு தட்டாக நடந்து தொலைபேசிகளை வைத்து எடுத்து அளந்தார்கள். ஐஸ் பெட்டிகள்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். தண்ணீரும் ஐஸும் மனித உடம்பும் தொலைபேசிகள் பேசிக்கொள்ளும் அலையைக் குடித்துவிடுமாம். “சிங்கப்பூரில ஒரு ரெயிலுக்குள்ள வைச்சுப் பாத்தால் சரியா வரும். இஞ்ச எல்லாரும் ஐஸ் பெட்டிக்குப் பின்னால நிக்கினம்,” என்றார். அதற்கேற்றபடி திருத்தினார். திருத்திய பிறகும் அது முழுக்கச் சரியாக வரவில்லை. பொத்தான் தொலைபேசி வைத்திருந்த முதியவர்களுக்கு அது உதவவே இல்லை. அந்தக் குறை அவரைக் கடைசிவரை உறுத்தியது.

செலவை ஏற்ற தொண்டு நிறுவனம் இடையில் மனம் மாறியது. இடத்தையும் சேர்த்துப் பதியவேண்டும், தொலைபேசி இலக்கத்தையாவது எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் தங்கள் அறிக்கையில் காட்ட ஒன்றுமில்லை என்றார்கள். கிளிநொச்சியில் கூட்டம் வைத்தார்கள். நான் அவர்கள் பக்கம் பேசினேன். அதற்கு முந்தைய வாரம்தான் நான் வேலை செய்த பகுதியில் ஒரு முதியவர், யாரிடமிருந்து தொற்றியது என்று தெரியாமலே இறந்திருந்தார். தெரிந்திருந்தால் அந்த வழியில் இன்னும் எத்தனை பேரை நேரத்துக்குப் பிடித்திருக்கலாம் என்ற கோபம் எனக்குள் இருந்தது. நான் அன்று பேசியதைத் தவறென்று இன்றும் கருதவில்லை.

ஜெசிந்தா மறுத்தார். உரத்துப் பேசவில்லை. தன்னால் அதைச் செய்ய முடியாது, விரும்பினால் வேலையை வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்றார். அவர்கள் விலகிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது நான் அவரிடம், “பிள்ளை, நீர் நல்ல ஆள். உம்மட்ட இருந்தால் பத்திரமாத்தானே இருக்கும். ஏன் இவ்வளவு பயம்?” என்று கேட்டேன்.

“நான் அவ்வளவு துணிஞ்ச ஆள் இல்லை சேர்,” என்றார். “ஆரும் வந்து மிரட்டிக் கேட்டால் குடுத்துப்போடுவன். அதுதான் என்னட்ட ஒண்டும் இல்லாத மாதிரி வைச்சிருக்கப் பாக்கிறன்.”

தன்னைப்பற்றி ஒருவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று வீடு போகும்வரை அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

அடுத்த நாள் அவரே எனக்குத் தொலைபேசி எடுத்தார். எனக்காக ஒன்று செய்யலாம் என்றார். ஒருவருக்கு எச்சரிக்கை வந்தால், அந்தத் திரையின் அடியில் என் தொலைபேசி இலக்கம் இருக்கும். அழைப்பதும் விடுவதும் அவர் விருப்பம். நோய் உறுதியானவர்களுக்கு நான் ஒரு தடவை மட்டும் செல்லுபடியாகும் இலக்கம் ஒன்றைக் கொடுப்பேன். அதைச் செயலியில் போட்டால்தான் அவருடைய தொலைபேசி சொன்ன இலக்கங்கள் வெளியே போகும்; போடுவதும் போடாததும் அவர் விருப்பம். “ஒருத்தரும் எடுக்கமாட்டினம்,” என்றேன். “பாப்பம் சேர்,” என்றார். அந்தத் தொண்டு நிறுவனம் போன பிறகும் அவரும் நண்பர்களும் சம்பளமில்லாமல் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள்.

முதல் அழைப்பை நான் மறக்கமாட்டேன். ஓர் ஆண் குரல். “சேர், பேர் கேக்கமாட்டீங்கள்தானே?” என்றது. கேட்கவில்லை. தனக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, என்ன செய்ய என்றது. வைத்தியசாலையின் பக்கவாசலுக்கு எப்படி வரலாம் என்று சொன்னேன். அவர் தன்னுடைய மோட்டார் சைக்கிளில் தானாக வந்தார். அதற்குப் பிறகு பலர் அழைத்தார்கள். எல்லோரும் அழைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. எத்தனை பேர் அழைக்காமல் விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. என் தொழிலில் இருக்கும் ஒருவனுக்கு அது எவ்வளவு எரிச்சலைத் தரும் என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் விளங்கும்.

இனி நான் எழுதப்போவதை யூட்டிடமும், அன்ரன் என்பவரிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

மூன்றாவது அலையில் ஜெசிந்தாவின் தாயார் றீற்றம்மா நோய்ப்பட்டார். அவர் யூட்டின் குடும்பத்தோடு கரையில் இருந்தார். கையில் ஒரு பழைய பொத்தான் தொலைபேசி. எச்சரிக்கை யூட்டின் தொலைபேசிக்குத்தான் வந்தது. வந்தபோது தாய்க்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. வைத்தியசாலையில் ஒரு கிழமைகூட இருக்கவில்லை. அன்றைய விதிப்படி ஊரில் அடக்கம் செய்ய விடவில்லை; பெட்டியை மூடியபடி வவுனியாவுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேமக்காலையில் அடக்கம் செய்யும் குடும்பம் அது. கணவரின் உடலும் கிடைக்காத அந்தத் தாய்க்கு, பிள்ளைகள் ஒரு பிடி மண்கூடப் போடமுடியவில்லை. ஜெசிந்தாவும் யூட்டும் தூரத்தில் நின்று பார்த்தார்கள். பாதிரியார் முகக்கவசத்துக்குள்ளால் செபம் சொன்னார். நானும் கடமைக்காக அங்கே நின்றேன்.

திரும்பி வந்த சில நாட்களில் கரையில் கதை கிளம்பியது. அன்ரன் கொழும்புக்கு மீன் லொறி ஓட்டுபவர். அவர்தான் கொண்டுவந்தார், றீற்றம்மாவின் வீட்டுக்கு மீன் எடுக்க வந்தவர் அவர்தான் என்றார்கள். ஒரு பின்னேரம் என் தொலைபேசி அடித்தது. அன்ரனின் மனைவி. வெளியில் ஆட்கள் கூடி நிற்கிறார்கள், வாசல் கேற்றை ஆட்டுகிறார்கள், கெதியாக வாருங்கள் என்று அழுதார். நான் போய்ச் சேர்ந்தபோது இருபது முப்பது பேர் நின்றார்கள். முன்னால் யூட். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. வளவுக்குள் நின்ற லொறியை எரிக்கப்போவதாக யாரோ பின்னால் நின்று சத்தம் போட்டார்கள்.

ஜெசிந்தா எனக்கு முன்னமே வந்து கேற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றார்.

“அக்கா, நீ விலத்து,” என்றார் யூட். “இல்லாட்டி நீ சொல்லு. ஆர் எண்டு சொல்லு. நீதானே அதைச் செய்தனீ. உன்னால பாக்கேலும்.”

“ஏலாது தம்பி.”

“ஏலாதோ, செய்யமாட்டியோ?”

“ஏலாது. ஏலாதபடிதான் செய்தனான்.”

யூட் அதை நம்பவில்லை. நம்பினாலும் அது அவருக்கு உதவியிருக்காது. “எங்கட அம்மாவெல்லே செத்தது,” என்றார். “ஊருக்கெல்லாம் நல்லது செய்தாய். அம்மாவுக்கு ஒண்டும் செய்யேல்லை.” ஜெசிந்தா கேற்றை விட்டு விலகவில்லை. யூட் என் பக்கம் திரும்பினார். “சேர், உங்களுக்குத் தெரியும். ஆருக்கு இருந்தது, ஆருக்கு இல்லையெண்டு நீங்கள் சொல்லுங்கோ.”

எனக்குத் தெரியும். அது என் வேலை. அன்ரனுக்கு இரண்டு தடவை பரிசோதனை செய்திருந்தோம். இரண்டிலும் தொற்று இல்லை. அதைச் சொன்னால் அந்த நிமிடமே அந்த மனிதர் தப்பிவிடுவார். நான் வாயைத் திறந்தேன். ஜெசிந்தா என் கையைப் பிடித்தார். எங்கள் பழக்கத்தில் அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

“சொல்லாதேங்கோ சேர்,” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. “இவர் இல்லையெண்டு சொன்னால் இவை அடுத்த வீட்டைக் கேப்பினம்.”

நான் கூட்டத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அடுத்த வீடு எது என்று அந்த முகங்களில் ஏற்கெனவே இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஜெசிந்தா தம்பியைப் பார்த்துப் பேசினார். கூட்டத்துக்காகக் குரலை உயர்த்தவில்லை. அவர் சொல்வதைக் கேட்பதற்காகக் கூட்டம்தான் அமைதியானது. “அம்மாவுக்கு ஆர் குடுத்ததெண்டு எனக்குத் தெரியாது யூட். நானாயும் இருக்கலாம். அம்மாவுக்குக் காய்ச்சல் வாறதுக்கு முதல் கிழமை நான் வீட்டை வந்தனான். அம்மா என்ர தலையைத் தடவிவிட்டவா. எனக்கு அடுத்த நாள் தொண்டை நோ. நான் பெரிசா எடுக்கேல்லை. நானாயிருந்தால் என்னை என்ன செய்யப் போறாய்?”

யூட் அப்படியே நின்றார். பிறகு வீதியோரத்து மணலில் குந்திவிட்டார். கூட்டத்தில் இருந்த பிலோமினா அக்கா முன்னால் வந்து, யாரையும் கடியாமல், “வாங்கோ, வீட்டை போவம்,” என்று ஒவ்வொருவராகத் தோளில் தட்டி அனுப்பினார். நான் போகச் சொல்லியிருந்தால் அவர்கள் போயிருக்கமாட்டார்கள். அன்ரனுக்குத் தொற்று இல்லை என்ற விடயத்தை அன்ரன் தானாக ஊரில் சொன்னது பல மாதங்களுக்குப் பிறகு.

அக்காவும் தம்பியும் அதற்குப் பிறகு நீண்ட காலம் சரியாகக் கதைக்கவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு ஜெசிந்தா கரைக்குப் போனபோதும் யூட் கடலுக்குப் போயிருந்தார். அது அவருக்கு எவ்வளவு வலி என்பதை நான் அறிவேன். ஒரு நாள் என் கந்தோரில் பனங்கட்டியோடு பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்: “ஆரெண்டு தெரிஞ்சுகொள்ள உமக்கு ஒரு நாளும் ஆசை வரேல்லையோ?”

“ஒவ்வொரு நாளும் வருது சேர்,” என்றார்.

நோய் அடங்கியதும் அவர் செயலியை மூடினார். இன்னும் கொஞ்சம் வைத்திருந்து காசநோய்க்கோ வேறெதற்கோ பயன்படுத்தலாமே என்று நான் கேட்டேன். கொரோனாவுக்கென்று சொல்லித்தான் ஆட்களிடம் கேட்டோம், அந்த வேலை முடிந்துவிட்டது என்றார். பிறகு ஓர் அலுவலகத்திலிருந்து, அந்தக் காலத்தில் யார் யார் எங்கே கூடினார்கள் என்ற விபரம் இருந்தால் தரமுடியுமா என்று கேட்டு வந்தார்கள். எதற்கென்று சொல்லவில்லை. ஜெசிந்தா அவர்களுக்குத் தேநீர் கொடுத்து, தங்களிடம் எதுவும் இல்லை என்றார். அவர்கள் கணினிகளைத் திறந்து பார்க்கக் கேட்டார்கள். தாராளமாகப் பாருங்கள் என்றார். ஏதாவது இருந்திருந்தால் அந்த நிமிடமே எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று பிறகு அவரே எனக்குச் சொன்னார். மாடிப்படியில் அவர் தன்னைப்பற்றிச் சொன்னதை நான் அரைகுறையாகத்தான் நம்பியிருந்தேன். அன்று முழுக்க நம்பினேன்.

போன வருடம் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. பிந்தித்தான் தெரிந்தது. எங்கள் ஊரில் அந்த நோயைப் பெயர் சொல்லிக் கதைப்பவர்கள் குறைவு, குடும்பங்கள் மறைக்கும். ஜெசிந்தா மறைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டே, தலைமுடி கொட்டிய தலையில் துணி கட்டிக்கொண்டு, பெண்கள் சங்கங்களுக்குப் போய்த் தனக்கு வந்ததை, தான் கவனிக்காமல் விட்டதை, எதைக் கவனிக்கவேண்டும் என்பதைச் சொன்னார். இத்தனை காலமும் மற்றவர்களின் நோயை யாரும் அறியக்கூடாதென்று நின்றவர் தன்னுடையதை இப்படிச் சொல்லித் திரிகிறாரே என்று எனக்கு ஆச்சரியம். கேட்டேன்.

“இது என்ர. நான் சொல்லலாம்,” என்றார். “சொல்லுறது வேற சேர், எடுக்கிறது வேற.”

அந்த நாட்களில்தான் யூட் அக்காவிடம் திரும்பி வந்தார். ஆனையிறவைத் தாண்டிக் கிழமைக்கு ஒரு தடவை அக்காவை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர் அவர்தான். வழியில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்டதில்லை. யூட் எனக்கு ஒன்றை மட்டும் சொன்னார்: “அக்காட்ட மன்னிப்புக் கேட்டனான் சேர். எதுக்கு எண்டு கேட்டவா. பிறகு, தனக்கும் நித்திரை வராத நாள் இருந்ததெண்டு சொன்னவா.”

அடக்கம் அளம்பிலில் நடந்தது. பெட்டி திறந்திருந்தது. எல்லோரும் வந்து முகம் பார்த்தார்கள், எல்லோரும் மண் போட்டார்கள். றீற்றம்மாவின் சாம்பலை வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே குழி வெட்டியிருந்தார்கள். அன்ரன் லொறியை வீதியோரம் விட்டுவிட்டு வந்து, யூட்டோடு சேர்ந்து பெட்டியைத் தூக்கினார். எனக்கு முகம் தெரியாத பலர் நின்றார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்தக் காலத்தில் பெயர் சொல்லாமல் என்னை அழைத்தவர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் மட்டும் என்னைக் கடந்து போகும்போது தன் சின்ன மகளின் தலையில் கைவைத்து, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். நானும் தலையசைத்தேன்.

ஜெசிந்தாவோடு எனக்கு இருந்த வழக்கு தீரவில்லை. பெயர்கள் தெரிந்திருந்தால் சிலரை நாங்கள் காப்பாற்றியிருக்கலாம் என்று நான் இன்றும் நினைக்கிறேன். பெயர் கேட்டிருந்தால் அவர்களில் பலர் எங்கள் கண்ணிலேயே பட்டிருக்கமாட்டார்கள் என்று அவர் சொல்வார். அவர் இல்லாத இடத்தில் அந்த வாதத்தின் இரண்டு பக்கத்தையும் இப்போது நானே பேசவேண்டியிருக்கிறது.

அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது ஒரு தயக்கம். தயங்காமல் கேள், கேட்டதை உடனே எழுது என்றுதான் எனக்குத் தொழில் பழக்கியது. இப்போது ஒருவரின் பெயரைக் கேட்கும் முன் ஒரு கணம் நிற்கிறேன். இது எனக்கு எதற்கு, இது என்னிடம் இருந்தால் பிறகு யார் கைக்குப் போகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பல தடவை நினைத்துவிட்டுக் கேட்கத்தான் செய்கிறேன். சில தடவை கேட்காமல் விடுகிறேன்.

அவரை அடக்கம் செய்து சில நாட்களின் பின் காசநோய் வந்த ஒருவரைப் பார்க்கப் போனேன். கூலி வேலை செய்பவர். யாரோடு ஒரே அறையில் தங்கியிருந்தார் என்று நான் அறியவேண்டும், அவர்களையும் பரிசோதிக்கவேண்டும். கேட்டதும் அவர் நிலத்தைப் பார்த்தார். “அவையளுக்கு என்ர பேர் தெரியவருமோ?” என்று கேட்டார். அதை நான் அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்பதையும், அவர்களை வேறு எப்படி அழைக்கலாம் என்பதையும், எழுதுவதை யார் பார்ப்பார்கள் என்பதையும் விளங்கப்படுத்தினேன். அதற்குப் பிறகு கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்து வயலில் உழவு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி வந்து தண்ணீர் தந்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தால் அவர் தானாகச் சொல்லத் தொடங்கினார்.